அம்மாவையே அடிக்கும் குழந்தை... ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது என்ன நடக்கிறது? முன்கூட்டியே தடுக்க முடியுமா?

டான்சில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சும்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் நர்ஸ். கால் மணி நேரத்தில் அம்மாவை உள்ளே கூப்பிடுகிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், நான்கு வயது மகன் கட்டிலில் முதுகை வில்லாக வளைத்துக் கத்திக்கொண்டிருக்கிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. தூக்கப்போன அம்மாவின் முகத்தில் அடி விழுகிறது. அம்மாவின் மடியில் இருந்துகொண்டே "அம்மா வேணும், அம்மா வேணும்" என்று அலறுகிறான். கையில் போட்டிருக்கும் வென்ஃப்ளானைப் பிடுங்கப் பார்க்கிறான்.

வராண்டாவில் நிற்கும் தாத்தாவுக்கு ஒரே சந்தேகம்தான்: "மயக்க மருந்தை ஓவரா கொடுத்துட்டாங்களோ?"

குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடக்கும் எந்த மருத்துவமனையிலும் இந்தக் காட்சி புதிது இல்லை. டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இது பழகிப்போன விஷயம். பெற்றோருக்குத்தான் இப்படி ஒன்று நடக்கலாம் என்றே யாரும் சொல்லியிருப்பதில்லை. அதனால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடக்கூடிய ஒரு விஷயம், பல குடும்பங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காத பயமாகவும், சில நேரம் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய தகராறாகவும் ஆகிவிடுகிறது.

இதற்குப் பெயர் என்ன?

மயக்கவியல் மருத்துவர்கள் இதை 'எமர்ஜென்ஸ் அஜிட்டேஷன்' என்கிறார்கள். மயக்கத்திலிருந்து வெளியே வரும் நேரத்தில் ஏற்படும் கொந்தளிப்பு. அதிலேயே, தான் எங்கே இருக்கிறோம், எதிரில் நிற்பது யார் என்பதே தெரியாத குழப்ப நிலைக்கு 'எமர்ஜென்ஸ் டெலிரியம்' என்று பெயர். மேலே சொன்ன குழந்தைக்கு நடந்தது இரண்டாவது வகை.

பெரும்பாலும் கண் விழித்த முதல் அரை மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடுவதே வழக்கம். சிலருக்கு முக்கால் மணி நேரம் வரை போகலாம். தூங்கி எழுந்த பிறகு குழந்தைக்கு இதில் எதுவுமே ஞாபகம் இருக்காது. "ஏம்மா அழுற?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்கும்.

இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் இது அதிகம். டான்சில், அடினாய்டு போன்ற காது-மூக்கு-தொண்டை ஆபரேஷன்களிலும், மாறுகண் போன்ற கண் ஆபரேஷன்களிலும் கூடுதலாகப் பார்க்கிறார்கள்.

புதிதாக வந்த பிரச்சினையும் இல்லை. 1961-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் எக்கன்ஹாஃப் தலைமையிலான மருத்துவர்கள் 14,000-க்கும் அதிகமான நோயாளிகளைக் கவனித்து எழுதினார்கள். மொத்தத்தில் 5.3 சதவீதம் பேருக்கு இந்தக் கொந்தளிப்பு இருந்தது. குழந்தைகளிடம் விகிதம் அதைவிட அதிகம். இன்றைய ஆய்வுகளைப் புரட்டினால் 10 சதவீதத்தில் ஆரம்பித்து 80 சதவீதம் வரை எண்கள் கிடைக்கும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒருவர் வெறும் அழுகையையும் கணக்கில் சேர்க்கிறார், இன்னொருவர் அம்மாவை அடையாளம் தெரியாத குழந்தையை மட்டும் எண்ணுகிறார். அளக்கும் படியே வேறு வேறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2004-ல் 'பேட்' என்ற அளவுகோல் வந்தது. ஐந்தே கேள்விகள். குழந்தை கண்ணைப் பார்க்கிறதா? செய்வதில் ஒரு நோக்கம் இருக்கிறதா? சுற்றி நடப்பது தெரிகிறதா? அமைதியில்லாமல் இருக்கிறதா? எவ்வளவு சமாதானம் செய்தும் அடங்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20. எண்ணிக்கை ஏற ஏற டெலிரியத்துக்கான வாய்ப்பு அதிகம். பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும், எந்த ரெகவரி ரூமிலும் போட்டுவிடலாம்.

அப்போ, ஓவர் டோஸ் இல்லையா?

இல்லை. தாத்தாவின் சந்தேகத்துக்கு இதுதான் நேரடி பதில்.

மூளை ஒரே நொடியில் 'ஆன்' ஆவதில்லை. கரண்ட் வந்ததும் குண்டு பல்பு உடனே எரியும், பழைய ட்யூப்லைட் நாலு முறை மினுக்கிவிட்டுத்தான் எரியும் இல்லையா, அது மாதிரி. கை, கால், குரல் எல்லாம் முதலில் வேலைக்கு வந்துவிடுகின்றன. 'நான் யார், இது எந்த இடம்' என்று புரிந்துகொள்ளும் பகுதி கொஞ்சம் பின்தங்குகிறது. அந்த இடைவெளியில்தான் இந்தக் கூச்சல்.

குழந்தைகளுக்கு அதிகம் பயன்படுவது 'செவோஃப்ளூரேன்' என்ற வாயு. கெட்ட நெடி கிடையாது, மூச்சில் எரிச்சல் தராது, முகத்தில் மாஸ்க்கை வைத்தாலே குழந்தை தூங்கிவிடும். ஊசி குத்தாமல் தூங்க வைக்கலாம் என்பதால் குழந்தைகளுக்கு இதைவிட வசதியான மருந்து குறைவு. வேகமாகத் தெளியவும் செய்யும். ஆனால் எமர்ஜென்ஸ் டெலிரியம் என்றாலே முதலில் அடிபடும் பெயரும் இதுதான்.

வேகமாகத் தெளிவதுதான் காரணம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். அதிலும் ஒரு இடிப்பு இருக்கிறது. நரம்பு வழியாகக் கொடுக்கும் 'புரோபோஃபால்' மருந்தும் வேகமாகத்தான் தெளியும். அதில் எழும் குழந்தைகள் பெரும்பாலும் அமைதியாக எழுகிறார்கள். ஆக, வேகம் மட்டும் முழு விடை ஆகாது.

வலிதான் காரணமோ? அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்காக மட்டும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கத்தியும் இல்லை, தையலும் இல்லை, வலியே இல்லை. அவர்களிலும் செவோஃப்ளூரேன் பெற்றவர்கள் இதே மாதிரி கொந்தளித்தது 2000-ம் ஆண்டு வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. வலி இருந்தால் நிலைமை மோசமாகும், வலியே இல்லாவிட்டாலும் வரும்.

கத்தினால் உடனே ஊசியா?

இங்கேதான் கவனம் தேவை. நோயாளி திமிறுகிறார் என்றதும் தூக்க ஊசி போட்டு அடக்குவது ஆபத்தில் முடியலாம். ஏனென்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதன் இப்படித்தான் திமிறுவான். சர்க்கரை அளவு இறங்கினாலும், மூச்சு சரியாக வெளியேறாமல் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தாலும் இதே நிலைதான். ஆபரேஷனுக்காகக் கொடுத்த தசை தளர்வு மருந்து முழுசாக இறங்காமல், மூளை விழித்தும் உடம்பில் தெம்பில்லாமல் தத்தளிப்பவரும் இப்படித்தான் கை கால்களை உதறுவார். மூச்சுக்குத் திணறுகிறவருக்குத் தூக்க மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதலில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், மூச்சு, பிபி, தேவைப்பட்டால் சர்க்கரை. அடுத்து வலி இருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்து முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் 'இது எமர்ஜென்ஸ் டெலிரியம்' என்ற முடிவுக்கே வர முடியும். ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி ஆகிறது. நாலைந்து பேரை ஒருவரே கவனிக்கும் இடத்தில், கத்துகிற குழந்தையைப் பிடித்துக்கொள்ளவே ஆள் போதாது.

எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை?

2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இந்தக் கேள்விக்காக 158 ஆய்வுகளை, அதாவது 14,000-க்கும் அதிகமான குழந்தைகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. புரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின், குளோனிடின், ஃபெண்டனில் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள், கெட்டமைன் ஆகியவை கொந்தளிப்பைக் குறைத்தன.

குறைத்ததாகத் தெளிவான ஆதாரம் கிடைக்காதவை எவை என்பதுதான் ஆச்சரியம். ஒன்று, ஆபரேஷனுக்கு முன் குழந்தைக்குக் கொடுக்கும் மிடாசோலம் தூக்க மருந்து. இன்னொன்று, மயக்கம் தெளியும் நேரத்தில் பெற்றோர் பக்கத்தில் இருப்பது.

அம்மா பக்கத்தில் இருந்தால் குழந்தை அமைதியாகிவிடும் என்றுதான் யாருமே நினைப்போம். ஆனால் அந்த நேரத்தில் குழந்தைக்கு அது அம்மா என்றே தெரிவதில்லையே! அதற்காக அம்மாவை வெளியே நிறுத்த வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தெளிவு வந்ததும் முதலில் தெரிய வேண்டிய முகம் அதுதான். அம்மா இருந்துமா இப்படி என்று யாரும் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்துகளிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தால் அமைதியாக எழுவார்கள், ஆனால் தெளிய நேரம் ஆகும், இதயத்துடிப்பு குறையலாம், ரெகவரி ரூமில் கூடுதல் நேரம் கண்காணிக்க வேண்டும். ஒரே நாளில் வரிசையாக ஆபரேஷன் நடக்கும் இடங்களில், அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்ற அழுத்தம் இருக்கும். 'சீக்கிரம் தெளியணும்' என்பதும் 'அமைதியா தெளியணும்' என்பதும் மோதும் இடம் இது. செவோஃப்ளூரேனிலேயே ஆபரேஷனை முடித்துவிட்டு, கடைசி மூன்று நிமிடம் மட்டும் புரோபோஃபாலுக்கு மாறும் முறையும் சோதிக்கப்பட்டு நல்ல பலன் கண்டிருக்கிறது. எந்தக் குழந்தைக்கு எது என்பதை மயக்கவியல் நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கும் வேலை

குழந்தை எந்த மனநிலையில் தூங்கப் போகிறதோ, எழுவதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸீவ் கெய்ன் என்ற மயக்கவியல் நிபுணர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஆபரேஷனுக்கு முன் பதற்றம் கூடக் கூட, எழும்போது டெலிரியம் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று அவரது குழு 2004-ல் காட்டியது.

அடுத்து 2007-ல் 400-க்கும் அதிகமான குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டாவது குழுவில் தூங்கவைக்கும்போது பெற்றோர் உடன் இருந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு மிடாசோலம். நான்காவது குழுவுக்கு 'அட்வான்ஸ்' என்ற குடும்பத் தயாரிப்புத் திட்டம். இதில் ஹைடெக் சமாச்சாரம் எதுவுமே இல்லை. ஒரு வீடியோ, சில துண்டுப் பிரசுரங்கள், வீட்டிலேயே வைத்துப் பழக ஒரு மயக்க மருந்து மாஸ்க், ஆஸ்பத்திரியில் கவனத்தைத் திருப்ப விளையாட்டுப் பொருட்கள், பெற்றோருக்குப் போன் மூலம் வழிகாட்டல். அவ்வளவுதான்.

இந்தக் குழந்தைகளுக்கு டெலிரியம் குறைந்தது, ரெகவரி ரூமில் ஃபெண்டனில் குறைவாகவே தேவைப்பட்டது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். எழும்போது பக்கத்தில் அம்மா இருந்து செய்ய முடியாததை, முந்தின நாள்களில் அம்மா செய்த வேலை செய்திருக்கிறது.

நம்ம ஊர் நிலவரம் என்ன? சாப்பிடாத குழந்தையிடம் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டி வளர்க்கிறோம். ஆபரேஷன் அன்று காலையில் அதே டாக்டரிடம் "அங்கிள் சாக்லேட் கொடுப்பாரு, ஊசியே கிடையாது" என்று பொய் சொல்லி அனுப்புகிறோம். தியேட்டர் கதவு மூடும்போது குழந்தைக்கு உலகமே ஏமாற்றிவிட்டது போலத்தான் இருக்கும்.

பட்டினி விஷயமும் இருக்கிறது. "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணி கூடக் குடுக்காதீங்க" என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. ஆனால் தண்ணீர் போன்ற தெளிவான திரவங்களை மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம், தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பு வரை, லேசான உணவு 6 மணி நேரம் முன்பு வரை என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று மயக்கவியல் நிபுணரிடம் கேட்காமல் நீங்களாக எதையும் கொடுத்துவிடக் கூடாது. கேட்பதில் தப்பே இல்லை. பசியிலும் தாகத்திலும் காலை ஆறு மணியிலிருந்து அழுத குழந்தை பதற்றம் இல்லாமல் எப்படித் தூங்கும்?

ஐரோப்பாவின் வாயுத் தடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மயக்க வாயுக்கள் இப்போது வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபடுகின்றன. 'டெஸ்ஃப்ளூரேன்' என்ற வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட 2,500 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. ஸ்காட்லாந்து 2023-ல் இதைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல், மருத்துவ ரீதியாக வேறு வழியே இல்லாத சூழலைத் தவிர, இதைப் பயன்படுத்தத் தடை.

செவோஃப்ளூரேனுக்குத் தடை இல்லை. ஆனால் வாயுவைக் குறைத்துவிட்டு, முழுக்க முழுக்க நரம்பு வழியாகவே மயக்கம் கொடுக்கும் 'டிவா' முறைக்கு மாறலாமே என்ற பேச்சு இதனால் வலுத்திருக்கிறது. புரோபோஃபாலில் எழும் குழந்தைகள் அமைதியாக எழுகிறார்கள் என்பதால், சுற்றுச்சூழலுக்காக எடுக்கும் முடிவு ரெகவரி ரூமுக்கும் உதவலாம்.

நடைமுறையில் அவ்வளவு சுலபம் இல்லை. டிவாவுக்கு மருந்தைத் துல்லியமாகச் செலுத்தும் பம்ப் வேண்டும், பழகிய ஆள் வேண்டும். முக்கியமாக, முழித்திருக்கும் குழந்தையின் கையில் முதலில் ஊசி குத்த வேண்டும். மாஸ்க்கே சிறந்தது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணமே அந்த ஊசி பயம்தானே!

பெரியவர்களுக்கும் வருமா?

வரும், விகிதம் குறைவு. ஆனால் எழுபது கிலோ ஆள் திமிறினால் கட்டிலிலிருந்து விழலாம், தையல் பிரியலாம், பிடிக்கப்போன நர்ஸுக்கு அடிபடலாம்.

பெரியவர்களிடம் அடிக்கடி குற்றவாளியாக இருப்பது யூரின் ட்யூப். தூங்கும்போது போட்டுவிடுவதால், எழும்போது 'பாத்ரூம் போயே ஆகணும்' என்ற தாங்க முடியாத உணர்வு வரும். அது எதனால் என்று தெரியாத அரைமயக்கத்தில் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். மூக்கு ஆபரேஷன் என்றால் மூக்கை அடைத்து வைத்திருப்பார்கள், மூச்சு நின்றுபோனது போலப் பயம் வரும். "எழும்போது ட்யூப் இருக்கும், அவசரமா வர்ற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றோ, "வாய் வழியா மூச்சு விட இப்பவே பழகிக்கோங்க" என்றோ முன்பே சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் ஆபரேஷன் முடிந்து எழும்போது போர்க்களத்தில் இருப்பதுபோலத் தாக்கியதை அந்நாட்டு ராணுவ மருத்துவமனைகள் பதிவு செய்திருக்கின்றன. மனதில் பழைய பேரதிர்ச்சி இருப்பவர்களிடம் அதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

இங்கே பலரும் மறைப்பது குடிப்பழக்கத்தை. மனைவி பக்கத்தில் நிற்கும்போது டாக்டர் கேட்டால் "எப்பவாவது சார்" என்பதுதான் பதிலாக வரும். தினமும் குடிப்பவருக்கு அது திடீரென நின்றால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரை போகலாம். இது மயக்க மருந்தால் வருவது இல்லை, ஆனால் பழி அதன்மேல்தான் விழும். டாக்டரைத் தனியாகப் பார்த்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளில் வரும் குழப்பம் தனி விஷயம். அது நாள்கணக்கில் நீடிக்கலாம், சத்தமே இல்லாமலும் வரலாம். யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியை 'ரெஸ்ட் எடுக்கறாங்க' என்று விட்டுவிடக் கூடாது. அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் திரும்பக் கொடுப்பது, பகலில் வெளிச்சம், ராத்திரி நல்ல தூக்கம், இவையே அங்கே பெரிய மருந்து.

பெற்றோர் என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

மயக்க மருந்துக்கான 'ஃபிட்னஸ்' பார்க்கும் நாளில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். குழந்தை புது ஆட்களிடம், புது இடத்தில் எப்படி நடந்துகொள்ளும். முன்பு எப்போதாவது மயக்க மருந்து கொடுத்தபோது இப்படிக் கத்தியதா. எதைப் பார்த்து அதிகம் பயப்படும். பிறகு, "எழும்போது கொந்தளிப்பு வந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர், எங்களை எப்போ உள்ளே விடுவீங்க?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

வீட்டில் குழந்தையிடம் பொய் சொல்ல வேண்டாம். "மாஸ்க் வெப்பாங்க, பலூன் ஊதற மாதிரி ஊதணும், தூங்கிடுவ, எழுந்ததும் தொண்டை கொஞ்சம் வலிக்கும், அம்மா இருப்பேன்" என்று அதன் மொழியில் சொன்னால் போதும். பொம்மைக்கு மாஸ்க் வைத்து விளையாடிக் காட்டலாம். பிடித்த பொம்மையைக் கூடவே எடுத்துப் போகலாமா என்று கேட்டு வாங்குங்கள்.

கொந்தளிப்பு வந்துவிட்டால் உலுக்கி எழுப்பாதீர்கள், அதட்டாதீர்கள். இறுக்கிப் பிடித்தால் திமிறல் கூடும். கீழே விழாமல், தையலிலும் ட்ரிப்ஸ் ஊசியிலும் கை படாமல் காப்பது மட்டும் போதும். வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லலாம். ஆளாளுக்குப் பேசாமல் ஒரே ஒருவர் மட்டும் மெதுவாகப் பெயர் சொல்லி, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் நேரம் இது இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் இருக்கலாம். டெலிரியம் வந்த குழந்தைகளிடம் இது கூடுதலாக இருப்பதாக கெய்ன் குழுவின் ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், அதற்காகக் குழந்தையைத் திட்ட வேண்டாம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு குழந்தையை எழுப்பவே முடியாமல் போனாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, டான்சில் ஆபரேஷன் செய்த குழந்தை வாயில் ரத்தத்தோடு அல்லது விடாமல் எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, அது வேறு. காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.